முட்டை போட்ட பிறகு பாஸ் மீன் வாயே திறப்பதில்லை – லேக் ஃபோர்க்கில் என்ன செய்யலாம்?

தாமிரபரணிக்காரன் (பிளேனோ)
மே 4, இரவு 10:20

வணக்கம். டெக்சஸில் இருக்கும் தூண்டில்காரர்களிடம் ஒரு கேள்வி.

மார்ச் கடைசியில் பையனைக் கூட்டிக்கொண்டு லேக் ஃபோர்க் போனேன். அவனுக்குப் பதினோரு வயது. 154 நெடுஞ்சாலைப் பாலத்திலிருந்து அதிக தூரமில்லாத ஒரு சின்னக் குடா, முழங்கால் அளவுக்குக் கொஞ்சம் மேலே தண்ணீர். ரப்பர் பல்லியை வீசி மெல்ல இழுத்தோம். ஒரே காலையில் நான்கு லார்ஜ்மவுத் பாஸ். அதில் பையன் பிடித்ததுதான் பெரியது என்பதை வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.

இப்போது மூன்று வார இறுதியாக அதே குடாவுக்குப் போகிறேன். அதே வாடகைப் படகு, அதே பல்லி, அதே கம்பு. ஒரு கடிகூட இல்லை. மீனே இல்லையென்றால் மனசு ஆறிவிடும். ஆனால் இருக்கிறது! போன வாரம் ஒரு பெரிய மீன் இரையின் பின்னாலேயே படகு வரைக்கும் வந்தது. நின்றது, பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியைத் தின்றுவிட்டு "ஊருக்குப் போய் லெட்டர் போடுகிறோம்" என்று எழுந்து போவார்களே, அந்த மாதிரி. இது பஜ்ஜியையும் தொடவில்லை.

தண்ணீர் 73 டிகிரி ஃபாரன்ஹீட், மூன்றடி ஆழம் வரை தெளிவாகத் தெரிகிறது. காலை ஒன்பதிலிருந்து மதியம் இரண்டு வரை வீசினேன். பல்லி எடுபடாததால் வேகமாக இழுக்கும் கிராங்க்பெயிட், கிலுகிலு சத்தம் போடும் இரை, பளபளக்கும் தகடு என்று பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாயிற்று. முட்டை போட்ட பிறகு இப்படித்தான் இருக்கும் என்று படகு வாடகைக்கு விடுகிறவர் சொன்னார். எத்தனை நாள் இருக்கும், அதுவரை என்ன செய்வது என்று கேட்டதற்குச் சிரித்தார்.

வீட்டில் ஒவ்வொரு முறையும் குழம்புக்கு மசாலா அரைத்து வைக்கிறார்கள். அதற்காகவாவது யாராவது வழி சொல்லுங்கள்.


ஞாயிறு மீனவன் (இர்விங்)
மே 4, இரவு 11:05

ஒன்பது மணிக்கா? சார், ஒன்பது மணிக்கு நான் மீன் பிடித்து முடித்து, வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். முதலில் அலாரத்தை மாற்றுங்கள்.

மசாலாவை ஃப்ரிட்ஜில் வைக்கலாம், கெடாது.


பழைய ஈயக்குண்டு (டைலர்)
மே 5, காலை 5:50

தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு தடவை படித்தேன். 2007 மே மாதத்தில் நான் செய்த அதே தவறு. படகு மட்டும் வேறு.

தண்ணீர் 60 டிகிரியைத் தாண்டியதும் பாஸ் கரையோரம் ஏறும். ஆண் மீன் வாலால் அடித்து மண்ணைத் துடைத்து, தட்டு மாதிரி பள்ளம் செய்யும். பெண் வந்து முட்டை போட்டுவிட்டுப் போய்விடும். காவல் ஆணுடையது. நீங்கள் மார்ச்சில் போட்ட பல்லியை அந்த மீன்கள் பசிக்காக எடுக்கவில்லை. முட்டை திருட வந்த சனியன் என்று நினைத்து வாயால் கவ்வி வெளியே போடப் பார்த்தன. இப்போது அந்தக் குடாவில் முட்டையும் இல்லை, கோபமும் இல்லை. போன மாதத்து மீனை இந்த மாதம் தேடுகிறீர்கள்.

பெரிய பெண் மீன்கள் இப்போது பச்சை உடம்புக்காரி மாதிரி. நம் ஊரில் பிள்ளை பெற்றவளை உடனே வயல் வேலைக்கா அனுப்புகிறோம்? பிடித்துப் பார்த்தால் தெரியும்: தலை பெரிதாக, வயிறு ஒட்டிப்போய், வால் செட்டை ஓரம் தேய்ந்து சிவந்திருக்கும். கொஞ்ச நாளைக்கு எதையும் துரத்தாது. உங்கள் கிராங்க்பெயிட்டை அது பார்க்கும், அவ்வளவுதான். எத்தனை நாள் என்று கேட்டீர்கள். ஒரு மீனுக்கு ஒன்றிரண்டு வாரம் என்று வையுங்கள். ஆனால் ஏரி முழுக்க ஒரே நாளில் முட்டை போடுவதில்லை, அலை அலையாக நடக்கும். அதனால் இன்று மந்தமாக இருப்பதும், தேறி வேட்டைக்குக் கிளம்பிவிட்டதும் ஒரே ஏரியில் இருக்கும். "போஸ்ட் ஸ்பான் (முட்டை போட்டு முடித்த காலம்) வந்துவிட்டது, இனி ஜூன்தான்" என்று கம்பைப் பரணில் போடுகிறவர்களை நான் நம்புவதில்லை.

எங்கே போயிருக்கும்? ரொம்ப தூரம் போகாது. உங்கள் குடாவின் வாயில் நின்று வெளிப்பக்கம் பாருங்கள். தண்ணீர் நான்கடியிலிருந்து சடாரென்று பத்து, பன்னிரண்டு என்று இறங்கும் இடம் ஒன்று இருக்கும். ஃபோர்க் ஏரியில் மரங்களை வெட்டாமலே தண்ணீர் விட்டார்கள், 1980-இல். அந்த மொட்டை மரங்கள் இன்னும் நிற்கின்றன. அப்படிப்பட்ட சரிவின் ஓரத்தில் நிற்கும் மரம்தான் உங்களுக்கு வேண்டியது. மீன் தரையில் இருக்காது. இருபதடித் தண்ணீரில் எட்டடி ஆழத்தில், மரத்தில் சாய்ந்த மாதிரி அந்தரத்தில் நிற்கும். நீங்கள் கரையோரம் வீசினால் அதன் முதுகுப் பக்கம் வீசுகிறீர்கள். தரையில் இழுத்தால் அதன் காலடியில் இழுக்கிறீர்கள். (மீனுக்குக் காலில்லை, தெரியும்.)

இதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 2007-இல் மூன்று வாரம் வெறுங்கை. நாலாவது வாரம் அப்படி ஒரு மரத்தடியில் வீசும்போது ரீலில் பெரிய சிக்கு விழுந்துவிட்டது. குருவிக்கூடு மாதிரி. கம்பைத் தொடையில் இடுக்கிக்கொண்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொரு சுற்றாக எடுத்துக்கொண்டிருந்தேன். ஈயம் கட்டாத ரப்பர் புழு அதுபாட்டுக்குத் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் இருக்கும். சிக்கெல்லாம் எடுத்து தூண்டில் நரம்பைச் சுருட்டினால், நரம்பு மரத்தின் அந்தப் பக்கம் இருக்கிறது. நான் அங்கே வீசவே இல்லை! சுண்டினேன், ஐந்து பவுண்டு. அதைப் பிடித்தது நானில்லை, சிக்குதான். அதற்கு முன்னால் மூன்று வாரமும் என் கை சும்மா இருக்காமல் இரையை இழுத்து இழுத்துக் கெடுத்திருக்கிறது.

அதிலிருந்து என் வழி இதுதான். ஐந்து அங்குல உப்பு ரப்பர் புழு, பேனா மாதிரி தடிமன், வாலில் சுருள் எதுவும் இல்லாதது. செங்கோ என்ற பெயரில் கேட்டால் எந்தக் கடையிலும் எடுத்துக் கொடுப்பார்கள். அதை நுனியில் கோக்காதீர்கள். நடு வயிற்றில் ஒரு சின்ன ரப்பர் வளையம் போட்டு, வளையத்துக்குள் முள்ளை நுழையுங்கள். இங்கே வாக்கி ரிக் என்பார்கள். ஈயம் வேண்டாம். பத்து பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு போதும். மரத்துக்கு ஒரு முழம் தள்ளி விழும்படி வீசுங்கள். புழு கிடைவாட்டில் இறங்கும்போது இரண்டு முனையும் மெல்லத் துடித்துக்கொண்டே போகும். அந்தத் துடிப்புதான் எல்லாம். அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது எதுவும் இல்லை. நரம்பைத் தொய்வாக விட்டுவிட்டு, தண்ணீருக்குள் நுழைகிற இடத்தைப் பாருங்கள். இருபது எண்ணுங்கள். கம்பை ஒரு தடவை மெல்லத் தூக்கி, திரும்ப இறங்க விடுங்கள். அப்புறம் எடுத்து அடுத்த மரம்.

கையில் கடி தெரியாது, இதுதான் முக்கியம். இந்த நேரத்து மீன் 'டப்' என்று அடிக்காது. எதிரில் வருகிறது, வாயைத் திறந்தால் உள்ளே போகிறது, அவ்வளவு சோம்பல். நரம்பு லேசாக ஒரு பக்கம் நகரும், இல்லையென்றால் இறங்கிக்கொண்டிருந்தது நின்றுவிடும். எட்டடியில் இறங்க வேண்டியது நாலடியில் நின்றால் அது தரையில்லை, வாய்.

இனி அந்த ஞாயிறு மீனவன் சொன்ன அலாரம். கிண்டலாகச் சொன்னாலும் விஷயம் சரி. இப்போது பாஸுக்கு இரையாகும் ஷாட் என்ற சின்ன மீன்கள் முட்டை போடும் காலம். இரவெல்லாம் போட்டுக்கொண்டிருக்கும், விடியும்போது முடியும். அணையின் கல்லடுக்கு, பாலத்தடிக் கற்கள், மிதவைத் துறைகளின் ஓரம், புல் விளிம்பு இங்கெல்லாம் தண்ணீர் மேல் மழைத்தூறல் மாதிரி துள்ளும். தேறிய பாஸ் எல்லாம் அங்கேதான் காத்திருக்கும். தகடு சுழலும் இரையான அரை அவுன்ஸ் வெள்ளை ஸ்பின்னர்பெயிட்டைக் கல்லுக்கு இணையாக வீசி இழுங்கள். கல்லைப் பார்த்து நேராக வீசினால் இரை மீனின் முன்னால் இரண்டு விநாடிதான் இருக்கும். ஓரமாகவே கொண்டுவந்தால் முழு நீளமும் மீனுக்கு முன்னால். வெயில் தண்ணீரில் விழுந்தால் கடை சாத்தியாயிற்று. அதற்கப்புறம் மரத்துக்குப் போங்கள்.

குழம்பு விஷயம்: ஃபோர்க்கில் 16 அங்குலத்துக்கு மேல், 24-க்குக் கீழ் இருக்கிற பாஸ் எதையும் வைத்துக்கொள்ள முடியாது. அப்போதே தண்ணீரில் விட வேண்டும். படகில் அளவுகோல் இல்லையென்றால் இன்றே வாங்குங்கள். வீட்டில் மசாலா அரைக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுவது குடும்ப அமைதிக்கு நல்லது.


ஆஸ்டின் கயாக்
மே 5, மதியம் 1:15

ஈயக்குண்டு அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். கோபம் இல்லை என்றாரே, அது பெண் மீனுக்குத்தான். ஆண் மீனுக்கு இப்போதுதான் கோபம் உச்சம்.

நான் வளர்ந்தது தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் வீட்டுக் குளத்தில் விரால் குஞ்சுக் கூட்டத்தைக் காக்கிறதைப் பார்த்திருக்கிறேன். சிவப்பாகக் குஞ்சுகள் மொய்த்து மொய்த்து மேலே வரும், கீழே தாயும் தகப்பனும் நிற்கும். அந்தப் பக்கம் ஒரு தவளை போனால் போதும். மாமா தவளையைக் கோத்து அந்தக் கூட்டத்துக்குப் பக்கத்தில் தத்தவிடுவார், தண்ணீர் வெடிக்கும்.

இங்கே பாஸ் அதே வேலையைச் செய்கிறது, தனியாளாக. முட்டை பொரிந்தபின் குஞ்சுகள் ஒரு கூட்டமாகத் திரியும். கறுப்புப் புகை மாதிரி, புல்லோரத்தில், விழுந்த மரக்கிளைக்குள். எங்கள் ஆஸ்டின் லேடி பேர்ட் ஏரியில் பெட்ரோல் மோட்டார் ஓட்ட அனுமதி இல்லை, நான் கயாக்கில் சத்தமில்லாமல் போவதால் நிறையப் பார்க்கிறேன். அந்தப் புகைக்குக் கீழேயோ பக்கத்திலோ ஆண் நிற்கும். கூட்டத்தின் மேலேயே வீசாதீர்கள், கலைந்துவிடும். தாண்டி வீசி, ஓரமாகக் கொண்டுவாருங்கள். தண்ணீர் மேல் மிதந்து சத்தம் போடும் சின்ன பாப்பர், இல்லையென்றால் ரப்பர் தவளை. இரண்டு இழுப்பு, ஒரு நிறுத்தம். நிறுத்தும்போது அடிக்கும். பெரிய மீனாக இருக்காது, இரண்டு பவுண்டு. ஆனால் பதினோரு வயதுப் பையனுக்கு நரம்பைப் பார்த்துக்கொண்டு இருபது எண்ணச் சொல்வதா, இதைக் காட்டுவதா?

ஒரு வேண்டுகோள். அந்த மீனைப் படம் எடுக்கிறேன் என்று ஐந்து நிமிஷம் வைத்திருக்காதீர்கள். அது இல்லாத நேரத்தில் புளூகில் என்ற சின்ன மீன்கள் கூட்டமாக வந்து குஞ்சுகளைத் தின்றுவிடும். பிடித்த இடத்திலேயே, உடனே விடுங்கள்.

அந்த புளூகிலும் இன்னொரு துப்பு. மே பாதிக்கு மேல் அவை முட்டை போட வரும். நாலடித் தண்ணீரில் பத்து இருபது பள்ளம் சேர்ந்தாற்போல, சேற்றில் யானை நடந்த தடம் மாதிரி தெரியும். தேறிய பெரிய பாஸ் அதன் ஆழமான பக்கத்தில் ரோந்து சுற்றும். அதற்கு மட்டும் அண்ணனின் சோம்பேறிப் புழு வேண்டாம். கையகல நீச்சல் இரையை வேகமாகவே போடுங்கள்.


பழைய ஈயக்குண்டு (டைலர்)
மே 5, இரவு 8:40

அம்மா, விராலைச் சொல்லி என் வாயை அடைத்துவிட்டீர்கள். ஒப்புக்கொள்கிறேன், பையனுக்குத் தவளைதான். மேலே வெடிக்கிற ஒரு அடிக்கு ஈடில்லை.

ஆனால் வேகம் என்ற சொல்லை ஃபோர்க்கில் மே முதல் வாரத்தில் நான் சொல்லமாட்டேன். புளூகில் பள்ளம் கண்ணில் பட்டபின் பேசுவோம்.

இன்னொன்று, பெரிய மீனுக்குப் பெரிய இரை என்று எல்லோரும் கடையைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். டெக்சஸ் மாநிலத்தின் பெரிய பாஸ் இதே ஃபோர்க்கில், 1992 ஜனவரியில் பாரி செயின்ட் கிளேர் பிடித்தது. 18.18 பவுண்டு. அவர் அன்று பாஸுக்கே போகவில்லை, கிராப்பி என்ற வேறொரு சின்ன மீனைப் பிடிக்க ஒரு பொடிமீனைக் கோத்து விட்டிருந்தார்.


தாமிரபரணிக்காரன் (பிளேனோ)
மே 6, காலை 7:30

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். என்னிடம் ஆழம் காட்டும் சோனார் கருவி இல்லை, வாடகைப் படகிலும் இல்லை. சரிவு எங்கே இறங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?


பழைய ஈயக்குண்டு (டைலர்)
மே 6, காலை 7:52

சோனார் வருவதற்கு முன்னால் ஏரி இல்லையா? முக்கால் அவுன்ஸ் ஈயக்குண்டைக் கட்டி வீசுங்கள். தண்ணீரில் விழுந்ததிலிருந்து நரம்பு தொய்கிற வரை எண்ணுங்கள். பத்தடி பத்தடியாகத் தள்ளி வீசிக்கொண்டே போங்கள். மூன்று, மூன்று, நாலு என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று எட்டானால் அதுதான் சரிவு. பக்கத்தில் ஒரு மரம் நின்றால் எண்ணுவதை நிறுத்திவிட்டுப் புழுவைக் கட்டுங்கள். என் பெயரை வேறு எதற்கு இப்படி வைத்துக்கொண்டேன் என்று நினைத்தீர்கள்?


தாமிரபரணிக்காரன் (பிளேனோ)
மே 18, இரவு 9:45

போய்வந்தோம்.

நாலு மணிக்கு அலாரம். பையன் காரில் ஏறியதும் தூங்கிவிட்டான். ஆறு மணிக்குப் பாலத்தடிக் கற்களுக்குப் பக்கத்தில் இருந்தோம், அண்ணன் சொன்ன மழைத்தூறல் இல்லை. ஷாட் அன்று வேறு எங்கோ போயிருக்கும் போல. வெள்ளை ஸ்பின்னர்பெயிட்டுக்கு ஒரே ஒரு கடி, அதுவும் படகுக்கு அருகில் வந்து உருவிக்கொண்டது. ஏழரைக்கு வெயில். பழைய கதைதானா என்று நினைத்தேன்.

குடா வாயில் ஈயக்குண்டு வேலையைச் செய்தோம். எண்ணியது பையன். நாலு, நாலு, ஐந்து, ஒன்பது! அவனுக்கு மீனைவிட அதுதான் பிடித்தது, இன்னும் இரண்டு இடத்தில் எண்ண வேண்டும் என்று அடம். ஒன்பது எண்ணிய இடத்திலிருந்து இருபதடியில் மரம் ஒன்று, உச்சியில் கொக்கு உட்கார்ந்திருந்தது.

முதல் ஐந்து வீச்சு ஒன்றுமில்லை. கை அரித்தது, இழுக்கவேண்டும் போல. பையன் சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தான், பதினொன்று, பன்னிரண்டு. பதின்மூன்றில் "அப்பா, நரம்பு நின்னுடுச்சு" என்றான். எனக்குக் கையில் எதுவும் தெரியவில்லை. அவன் சொன்னதற்காகத்தான் சுண்டினேன்.

பத்தொன்பதரை அங்குலம். எடை மூன்றே முக்கால் பவுண்டுதான் வந்தது, நீளத்துக்கு மெலிவு. ஒரு படம் எடுத்தேன், அதில் பாதி பையனின் கட்டைவிரல். உடனே விட்டுவிட்டோம். அதே மாதிரி இன்னும் இரண்டு, இரண்டும் பதினேழுக்கு மேல், இரண்டும் ஏரிக்கே. தவளைக்குக் குஞ்சுக் கூட்டம் எதுவும் கண்ணில் படவில்லை அக்கா, பையனுக்கு அதில் வருத்தம்.

திரும்பும் வழியில் துறை ஓரம் மண்புழு கோத்துத் தக்கை போட்டு உட்கார்ந்தோம். உள்ளங்கை அகல புளூகில் பதினான்கு. மசாலா வீண்போகவில்லை, குழம்புக்குப் பதில் வறுவல். முள்ளெடுத்துத் தின்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது, ஆனால் கெண்டைப்பொடி தின்று வளர்ந்த வீட்டுக்கு அது ஒரு பெரிய குறையில்லை.


பழைய ஈயக்குண்டு (டைலர்)
மே 18, இரவு 10:10

பதினான்கு புளூகில் துறை ஓரத்தில் இருக்கிறதென்றால் பள்ளம் தோண்ட ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். அடுத்த வாரம் ஆஸ்டின்காரம்மா சொன்னபடி வேகமாகப் போட்டுப் பாருங்கள், தோற்றேன் என்று நானே சொல்கிறேன்.

அந்தப் பெரியதின் வாலைப் பார்த்தீர்களா?


தாமிரபரணிக்காரன் (பிளேனோ)
மே 18, இரவு 10:14

பார்த்தோம் அண்ணே. கீழ் ஓரம் தேய்ந்து சிவந்திருந்தது. பையன்தான் முதலில் பார்த்தான், "இதுக்கு வலிக்குமா?" என்று கேட்டான். அதற்கப்புறம் நான் அளவுகோலைத் தேடுகிறவரை அதைத் தண்ணீருக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தான்.